ரூட் கேனல் செய்த பல்லை உடையாமல் காப்பாற்றுவது எப்படி?

“வலி போயிருச்சு டாக்டர், கேப் அப்புறம் போட்டுக்கறேன்.” ரூட் கேனல், அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை முடிந்து நாற்காலியை விட்டு எழும்போது பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். கேப் என்பது பல்லின் மேல் தொப்பி போல மாட்டும் உறை. அந்த அப்புறம் தீபாவளி தாண்டி, பொங்கல் தாண்டி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் தாண்டிப் போய்விடும். வலி இல்லாததால் பல்லின் நினைப்பே இருக்காது. பிறகு ஒருநாள் தட்டையையோ மட்டன் எலும்பையோ கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளக்கும். பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால் ஒட்டவைக்க வழியில்லை, எடுத்துவிட வேண்டியதுதான். இத்தனைக்கும் வேருக்குள் செய்த சிகிச்சை நன்றாகவே இருந்திருக்கும்.

பல் மருத்துவராக என்னை மிகவும் வருத்துவது இந்த இழப்புதான். அமெரிக்காவில் 14 லட்சத்துக்கும் அதிகமான ரூட் கேனல் பற்களின் காப்பீட்டுப் பதிவுகளை எட்டு ஆண்டு காலத்துக்கு அலசிய ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. அதில் 97 சதவீதப் பற்கள் வாயிலேயே இருந்தன. எடுக்கப்பட்ட பற்களைத் தனியே பார்த்தபோது, அவற்றில் 85 சதவீதத்துக்கு முழு கேப் போட்டிருக்கவில்லை. 2002-ல் வெளியான இன்னோர் ஆய்வில், கேப் இல்லாத பற்கள் கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் பறிபோயிருந்தன. ஆகவே ரூட் கேனலை நான் பாதிச் சிகிச்சை என்றே சொல்வேன். பல்லைத் திரும்பக் கட்டி மூடுவது மீதிப் பாதி. இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதிக்கானது.

உதாரணத்துக்குக் கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்கிறேன். ஆறு வயதிலேயே முளைக்கும் நிரந்தரப் பல் அது. மற்றப் பற்களுக்கு முன்பே வந்து, குழந்தைப் பருவத்து மிட்டாய்களை எல்லாம் சந்தித்துவிடுவதால் சொத்தையும் அதில் அதிகம், ரூட் கேனலும் அதிகம்.

பல் ஏன் பலவீனமாகிறது?

“நரம்பை எடுத்துட்டா பல் காஞ்சு போயிடும், அதான் உடையுது” என்று ஊரில் பரவலாக நம்புகிறார்கள். மருத்துவர்கள்கூட ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் ரூட் கேனல் செய்த பல்லையும் செய்யாத பல்லையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டபோது ஈரத்திலும் கடினத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உண்மையான காரணம், பல்லில் பாதி காணாமல் போயிருப்பது. சொத்தை ஒரு பங்கைத் தின்றிருக்கும். பழைய ஃபில்லிங்குக்காக ஒரு பங்கைக் குடைந்திருப்பார்கள். கடைசியில் வேருக்குள் இறங்கத் திறந்த வழி.

இந்த மூன்றில் எது அதிகம் கெடுக்கிறது என்று 1989-ல் அளந்து பார்த்தார்கள். வேர்க்குழாய்களுக்குள் இறங்கத் திறக்கும் வழியாலும் உள்ளே நடக்கும் சுத்தத்தாலும் பல்லின் விறைப்பு வெறும் 5 சதவீதம்தான் குறைந்தது. மேற்பரப்பில் மட்டும் ஃபில்லிங்குக்காகத் தோண்டினால் 20 சதவீதம். முன்பக்க ஓரமும் பின்பக்க ஓரமும் சேர்ந்து போனபோது 63 சதவீதம். பக்கத்துப் பற்களைத் தொடும் அந்த இரண்டு ஓர விளிம்புகளும் ஒரு கூடையின் வாய்க்கட்டு மாதிரி. கட்டு இருக்கும்வரை கூடை உருவம் குலையாது. அறுந்துவிட்டால் பாரம் ஏற ஏற விரிந்துகொண்டே போகும். கடைவாயில் முழுப் பலத்தோடு கடிக்கும்போது 50 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழக்கூடும். உள்கன்னப் பக்கச் சுவர் ஒரு திசையிலும் நாக்குப் பக்கச் சுவர் எதிர்த் திசையிலும் தள்ளப்படும். கேப்பின் வேலை இந்தச் சுவர்கள் விரியாமல் சேர்த்துப் பிடிப்பதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பற்கூழ், அதாவது பல்லுக்குள் நரம்பு இருக்கும் மென்மையான திசு போன பிறகு கடியின் கடுமையை அறியும் உணர்வு கொஞ்சம் மந்தமாகிறது. வேரைத் தாடையெலும்போடு பிணைக்கும் நார்களில் உணர்வு மிச்சமிருப்பதால் முழுதும் போய்விடாது. ஆனாலும் சோற்றில் கல் கடிபட்டால் சட்டென்று வாய் திறக்கும் அந்த எச்சரிக்கை, இந்தப் பல்லில் சற்றுத் தாமதமாக வரலாம்.

முதல் படி: வேரைத் தொடும் முன் மேலே எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள்

பலரும் கேப்பைப் பற்றி ரூட் கேனல் முடிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். முறைப்படி பார்த்தால் இது முதல் நாளே பேச வேண்டிய விஷயம். பழைய ஃபில்லிங்கையும் சொத்தையையும் முழுசாக எடுத்துவிட்டு, மிஞ்சும் பல்லைப் பார்த்த பிறகே வேருக்குள் இறங்க வேண்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: “சொத்தையை எல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் ஈறுக்கு மேல எவ்வளவு பல்லு நிக்கும் டாக்டர்?”

இந்தக் கேள்விக்கு மில்லிமீட்டரில் பதில் உண்டு. கேப்பின் விளிம்பு ஃபில்லிங்கின் மேல் உட்காரக் கூடாது, உங்கள் சொந்தப் பல்லின் மேல் உட்கார வேண்டும். விளிம்புக்கு மேலே, பல்லைச் சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் நிற்க வேண்டும். அந்தச் சுவர் குறைந்தது 1 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். இந்தப் பட்டையைக் கேப் இறுக்கிப் பிடித்துக்கொள்வதைத்தான் நாங்கள் ஃபெரூல் என்கிறோம். என்ன பொருளில் கேப், வேருக்குள் வைக்கும் தண்டான போஸ்ட் எது, கேப்பை ஒட்டும் சிமெண்ட் எது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஃபெரூல் இல்லாத பல்லில் எவ்வளவு விலை உயர்ந்த கேப்பைப் போட்டாலும் ஒன்று அது கழன்று வரும், இல்லையென்றால் வேர் பிளக்கும். சுற்றிலும் முழுதாக இல்லாமல் ஒரு பக்கம் குறைந்திருந்தால், அதை வைத்துக்கொண்டும் சமாளிக்கலாம். அறவே இல்லாததைவிட அது எவ்வளவோ மேல்.

போதவில்லை என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஈறையும் அதன் கீழுள்ள எலும்பையும் சிறிது குறைத்து, மறைந்திருக்கும் பல்லை வெளியே கொண்டுவரலாம். அல்லது பல் சீரமைப்புக் கம்பியைக் கொண்டு வேரை மெதுவாக மேலே இழுக்கலாம். இரண்டாவது முறை ஒற்றை வேருள்ள முன்பற்களுக்கு நன்றாகப் பொருந்தும். கடைவாய்ப்பல்லில் வேர்கள் பிரியும் இடம் மேலேயே இருந்தால் எலும்பைக் குறைப்பதும் ஆபத்து. அப்படிப்பட்ட பல்லுக்கு “இது நிற்காது, எடுத்துவிடுவோம்” என்று முதல் நாளே சொல்கிற மருத்துவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். அந்தப் பணத்தை இம்பிளான்டுக்கோ (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) பிரிட்ஜுக்கோ (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) ஒதுக்கிக்கொள்ளலாம்.

விரிசலையும் இந்தக் கட்டத்திலேயே தேட வேண்டும். பலமான வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தாலோ சாயம் பூசிப் பார்த்தாலோ மெல்லிய கோடு தெரியும். ஒரு முகட்டோடு, அதாவது மெல்லும் பரப்பில் உள்ள மேடுகளில் ஒன்றோடு நிற்கும் விரிசல் பரவாயில்லை. பற்கூழ் இருந்த உள்ளறையான பற்குழியின் தரைக்கு இறங்கிவிட்ட விரிசல் என்றால் அந்தப் பல்லின் ஆயுள் சந்தேகம்தான். பாக்கை வாயில் அடக்கி மெல்லும் பழக்கம் நீண்ட நாளாக உள்ளவர்களுக்கு முகடுகள் தேய்ந்து, பற்களில் இந்த மாதிரிக் கோடுகள் சாதாரணமாகவே காணக்கிடைக்கும்.

இரண்டாம் படி: தற்காலிக ஃபில்லிங் இருக்கும் நாட்கள்

ரூட் கேனல் ஒரே அமர்வில் முடியலாம், இரண்டு மூன்று அமர்வுகளும் ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் துளையை மூடியிருப்பது ஒரு மென்மையான தற்காலிக ஃபில்லிங். அது சுமார் 3.5 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால்தான் எச்சில் உள்ளே கசியாமல் தடுக்கும். அப்படி இருந்தாலும் அதன் காலம் சில வாரங்கள்தான்.

எச்சில் கசிந்தால் என்ன? வேர்க்குழாயை நிரப்பியிருக்கும் கட்டாப்பெர்ச்சா, ரப்பர் போன்ற ஒரு பொருள். கீழே அழகாக அடைத்திருந்தாலும் மேலே திறந்துகிடந்தால் எச்சிலோடு கிருமிகள் அதன் ஓரமாக இறங்கும். ஆய்வகத்தில் இப்படித் திறந்து வைத்த வேர்களில், ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்குள் கிருமிகள் வேரின் நுனி வரை போய்ச் சேர்ந்தன. மூன்று மாதம் அளவுக்குத் திறந்துகிடந்த பல் என்றால், கேப் போடும் முன் ரூட் கேனலையே திரும்பச் செய்வதுதான் பத்திரம்.

இந்த நாட்களில் அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம். இட்லி, சாதம் என்றாலும் மறுபக்கத்தில் மெல்லுங்கள். ஃபில்லிங் கொஞ்சம் பெயர்ந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்துவிட்டுப் போய்விடுங்கள். ஐந்து நிமிட வேலை. சுவர்கள் ரொம்ப மெல்லியதாக இருந்தால், எதிர்ப்பல் படாத அளவுக்கு முகடுகளைச் சற்றுக் குறைத்து வைக்கலாம். பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய உலோக வளையம் போடுவதும் உண்டு. மருத்துவர் அதைச் செய்ய முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: உள்ளே கட்டியெழுப்புவது

வேர் நிரப்பப்பட்டதும், குழிந்து கிடக்கும் பல்லை உறுதியான பொருளால் நிரப்பி, கேப்புக்கு ஒரு நல்ல அடித்தளம் எழுப்ப வேண்டும். முடிந்தால் வேரை நிரப்பிய அன்றே, ரப்பர் டேம் மாட்டியிருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. ரப்பர் டேம் என்பது பல்லை மட்டும் வெளியே நீட்டி மற்றதை மூடும் ஒரு ரப்பர் விரிப்பு. அது இருந்தால் எச்சில் படாது, பசை நன்றாகப் பிடிக்கும். இன்று பெரும்பாலும் பல்லோடு ஒட்டிக்கொள்ளும், பல் நிறத்திலான பிசின் பொருளான காம்போசிட்தான் இதற்குப் பயன்படுகிறது. நுண்ணிய கண்ணாடி இழைகள் கலந்த காம்போசிட்டும் வந்திருக்கிறது. பெரிய குழிகளில் விரிசல் ஓடுவதைத் தடுக்க அது உதவும்.

சரி, போஸ்ட் வேண்டுமா? இதில்தான் குழப்பம் அதிகம். போஸ்ட் என்பது வேர்க்குழாய்க்குள் இறக்கும் ஒரு சிறு தண்டு. “கம்பி வெச்சா பல்லு ஸ்ட்ராங்காயிடும்” என்று நோயாளிகள் நினைப்பது இயல்பு. ஆனால் போஸ்ட் பல்லுக்கு வலிமை சேர்ப்பதில்லை. மேலே எழுப்பிய பகுதி பிடித்து நிற்க ஆதாரம் கொடுப்பது ஒன்றுதான் அதன் வேலை. அதை இறக்குவதற்கு வேரின் உட்சுவரைச் சுரண்டினால் வேர் இன்னும் மெலிகிறது. எனவே தேவையில்லாமல் போஸ்ட் போடுவது, வலிமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு வலிமையை எடுப்பதாகும்.

பெரிய கடைவாய்ப்பல்லில் பற்குழி அகலமாக இருக்கும், வேர்க்குழாய்களும் மூன்று நான்கு இருக்கும். மூன்று சுவர்களாவது நின்றால் போஸ்ட் வேண்டியதே இல்லை. இரண்டு இருந்தாலும் பெரும்பாலும் காம்போசிட்டே பிடித்து நின்றுவிடும். ஒரே ஒரு சுவர் அல்லது அதுவும் இல்லை என்ற நிலையில்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் கீழ்ப்பல்லில் பின்வேர், மேல்பல்லில் அண்ணத்துப் பக்க வேர் என்று இருப்பதில் அகலமான, நேரான குழாயையே தேர்ந்தெடுப்போம். சிறிய கடைவாய்ப்பற்களிலும் முன்பற்களிலும் போஸ்ட் கூடுதலாகத் தேவைப்படும். அங்கே இடம் குறைவு, பக்கவாட்டு விசையும் அதிகம்.

எந்த போஸ்ட் என்றால், ஃபெரூல் இருக்கும்போது என் விருப்பம் கண்ணாடி இழை போஸ்ட். அதன் வளையும் தன்மை பல்லின் டென்டினுக்கு (எனாமலுக்கு அடியில் உள்ள பகுதி) ஏறத்தாழ ஒத்துப்போகும். எஃகு போஸ்ட் டென்டினைவிடச் சுமார் பத்து மடங்கு விறைப்பு. விசை தாங்க முடியாமல் போனால் இழை போஸ்ட் பெரும்பாலும் தான் கழன்று வரும், மறுபடி ஒட்டலாம். விறைப்பான உலோகத் தண்டு வேரையே பிளந்துவிடக்கூடும். திருகாணி போல் மரை உள்ள உலோகத் தண்டுகளை வேருக்குள் முறுக்கி ஏற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது விரிசலை வரவழைக்கும் என்பதால் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எந்த போஸ்ட்டாக இருந்தாலும் வேர் நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் கட்டாப்பெர்ச்சா அப்படியே இருக்க வேண்டும். அங்கேதான் கிருமிக்கு எதிரான அடைப்பு இருக்கிறது. போஸ்ட் வைத்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள், நீங்களே பார்க்கலாம்.

நான்காம் படி: எப்படி மூடுவது?

முன்பல் என்றால் அவசரப்பட்டு கேப்புக்குச் சம்மதிக்காதீர்கள். பின்னால் ஒரு சிறு துளை மட்டும் போட்டு ரூட் கேனல் செய்த, மற்றபடி முழுசாக இருக்கும் வெட்டுப்பல்லுக்குக் காம்போசிட் ஃபில்லிங்கே போதும். கேப்புக்காக அதைச் சுற்றிலும் செதுக்கினால் நல்ல பல்லை நாமே மெலியவைக்கிறோம். பல் கறுத்திருந்தால் உள்ளே மருந்து வைத்து வெளுக்கவைக்கலாம். ஈறு மட்டத்தில் ஒரு தடுப்பு வைத்து, சோடியம் பெர்போரேட் கலவையை உள்ளே அடைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். இரு பக்கமும் பெரிய ஃபில்லிங் இருந்தாலோ முனை உடைந்திருந்தாலோ அப்போது கேப் பற்றிப் பேசலாம்.

கடைவாய்ப்பல்லின் கதை வேறு. ஓர விளிம்புகளில் ஒன்று போயிருந்தாலும் முகடுகளை மூட வேண்டும். மூடுவது என்றால் முழு கேப்தான் என்றில்லை. சுவர்கள் ஓரளவு தடிமனாக இருந்தால் முகடுகளை மட்டும் மூடும் ஆன்லே போதும், பல்லின் பக்கங்களைச் செதுக்க வேண்டியதில்லை. பற்குழியின் ஆழத்தையே பிடிமானமாகக் கொண்டு ஒரே துண்டாக ஒட்டும் எண்டோகிரவுனும் பெரிய கடைவாய்ப்பற்களுக்கு நல்ல வழி. பல் குட்டையாக இருந்து, மேலே இடம் குறைவாக இருப்பவர்களுக்கு அது கைகொடுக்கும். இரண்டுமே பசையின் பிடிப்பை நம்பியிருப்பவை. எச்சில் படாமல் ஒட்ட முடியாத இடத்தில் முழு கேப்தான் பாதுகாப்பு.

பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழு உலோக கேப்புக்குப் பல்லை மிகக் குறைவாகத்தான் செதுக்க வேண்டும், எளிதில் உடையாது. நிறம் பிரச்சினை இல்லையென்றால் கடைசிப் பல்லுக்கு அதைவிட நல்ல தேர்வு இல்லை. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் விலை குறைவு, ஆனால் மேலே இரண்டு மில்லிமீட்டர் வரை செதுக்க வேண்டும், பீங்கான் சில்லாகப் பெயர்வதும் உண்டு. ஒரே கட்டியாகக் கடைந்தெடுத்த ஜிர்கோனியா என்ற வெண்மையான, மிக உறுதியான பீங்கான் ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே போதிய வலிமை தரும், அதனால் கடைவாய்க்கு இன்று அதிகம் போடப்படுகிறது. ஜிர்கோனியாவிலும் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் வகைகள் அழகாக இருக்கும், வலிமை கொஞ்சம் குறைவு. லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி வகைப் பீங்கான் இயற்கைப் பல்லின் நிறத்துக்கு நன்றாக ஒத்துப்போகும். முன்பற்களுக்கும் சிறிய கடைவாய்ப்பற்களுக்கும் பொருத்தம்.

ஜிர்கோனியா கேப்போடு பத்து வருடம், பதினைந்து வருடம் என்று ஒரு வாரண்டி கார்டு தருவார்கள். அது கேப் உடைந்தால் மாற்றித் தருவதற்கான உறுதி. அடியில் உள்ள உங்கள் பல்லுக்கு யாரும் வாரண்டி தர முடியாது. கார்டில் உள்ள வருடக் கணக்கைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிட, கேப்பின் விளிம்பு எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறது என்பதைக் கவனியுங்கள். பல்லின் ஆயுள் அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

கையில் இப்போது பணம் இல்லையா? அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். சொன்னால் முகடுகளைச் சற்றுக் குறைத்து, காம்போசிட்டாலேயே மூடி வைக்கலாம். அது முழு கேப்புக்கு ஈடில்லை, ஆனால் சும்மா விடுவதற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற கல்லூரி மருத்துவமனைகளில் செலவு குறையும். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரூட் கேனல் செய்யும் துறை வேறு, கேப் செய்யும் துறை பெரும்பாலும் வேறு. ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த இடைவெளியில்தான் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ரூட் கேனல் முடியும் அன்றே அடுத்த துறைக்கான சீட்டை வாங்கி, தேதியும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஐந்தாம் படி: கேப் போடும் நாட்கள்

வேர் நுனியில் எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும் பகுதி மறையும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த எலும்பு ஆற மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். வலி, வீக்கம், சீழ் எதுவும் இல்லையென்றால் ஓரிரு வாரங்களில் தொடங்கிவிடலாம்.

முதல் நாள் பல்லைச் செதுக்கி அளவெடுப்பார்கள். பசை மாதிரியான பொருளிலும் எடுக்கலாம், கேமராவாலும் எடுக்கலாம். ஆய்வுக்கூடத்திலிருந்து கேப் வர ஒரு வாரம் போல ஆகும். அதுவரை தற்காலிக கேப் கேட்டு வாங்குங்கள். செதுக்கிய பல்லைத் திறந்து வைத்தால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், புதிய கேப் உட்காராது.

கேப்பை ஒட்டும் முன் போட்டுப் பார்க்கும்போது நிதானமாக இருங்கள், இந்தப் பத்து நிமிடம் முக்கியம். பக்கத்துப் பல்லுக்கு நடுவே ஃப்ளாஸ் நூலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், லேசான தடையோடு உள்ளே போக வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிப் போனால் ஒவ்வொரு சாப்பாட்டிலும் அங்கே கறி நார் சிக்கும். கொஞ்ச நாளில் ஈறு கெடும், பக்கத்துப் பல்லும் சொத்தையாகும். விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் நல்லது.

அப்புறம் கடி. வண்ணத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். படுத்தபடி மட்டும் கடித்துப் பார்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தும் கடியுங்கள், பக்கவாட்டில் அரைத்தும் பாருங்கள். அந்தப் பல் மட்டும் முதலில் படுகிறது என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். “பழகிடும்” என்று விட்டுவிடக் கூடாது. உயரமான கேப்பில் எல்லா விசையும் அந்த ஒற்றைப் பல்லின் மேலேயே விழும். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் அன்று கடி சரியாகத் தெரியாது. மறுநாள் உயரமாகத் தெரிந்தால் திரும்பப் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒட்டிய முதல் நாள் அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்க வேண்டாம்.

ஆறாம் படி: பிறகு பார்த்துக்கொள்வது

கேப்புக்குச் சொத்தை வராது, ஆனால் கேப்பின் விளிம்புக்குக் கீழே உள்ள பல்லுக்கு வரும். நரம்பு இல்லாததால் வலிக்காது, கூச்சம் இருக்காது, முற்றிய பிறகுதான் தெரியும். ஆகவே ஃப்ளோரைடு பேஸ்ட்டால் காலை, இரவு துலக்கும்போது ஈறை ஒட்டிய ஓரத்தில் பிரஷைச் சாய்த்து வையுங்கள். தினம் ஒருமுறை ஃப்ளாஸ் நூலோ, பல்லிடுக்குக்கான சின்ன பிரஷோ கட்டாயம். குச்சியால் குத்துவது அந்த வேலையைச் செய்யாது, ஈறைத்தான் காயப்படுத்தும்.

முறுக்கு, சீடை, கரும்பு எல்லாவற்றையும் ஆயுளுக்கும் துறக்க வேண்டியதில்லை. கல் போன்ற சீடையை அந்தப் பல்லில் வைத்து உடைக்காதீர்கள், கரும்பைக் கடித்து உரிக்காதீர்கள், சோடா மூடியைத் திறக்கப் பல்லைப் பயன்படுத்தாதீர்கள். ஐஸ் கட்டியை நொறுக்குவதும் வேண்டாம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர் என்று வீட்டில் யாராவது சொன்னால், இரவில் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் தகட்டைச் செய்துகொள்ளுங்கள். அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதை நான் கேப் அளவுக்கே அவசியம் என்று நினைக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதில் முழுதாக ஆறவில்லை என்றால் நான்கு வருடம் வரை தொடர்ந்து கவனிப்பது வழக்கம். இடையில் ஈறில் சின்னக் கொப்புளம் வந்து சீழ் கசிந்தாலோ, மெல்லும்போது மந்தமான வலி இருந்தாலோ, கேப் ஆடினாலோ தள்ளிப்போடாதீர்கள். ஈறின் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் ஆழம் பார்க்கும் கருவி ஆழமாக இறங்கினால் வேர் நெடுக்காகப் பிளந்திருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிப்பார். அப்படிப் பிளந்த வேரைப் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை.

கேப் கழன்று விழுந்தால் தூக்கிப் போடாமல் ஒரு டப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு ஓரிரு நாளில் போங்கள். கடையில் விற்கும் ஒட்டுப் பசையால் நீங்களாக ஒட்ட வேண்டாம். கேப்புக்குள்ளேயே பல்லின் துண்டு ஒட்டியிருந்தால் அது சிமெண்ட் விட்டுப்போனதல்ல, பல் உடைந்தது. சிகிச்சை மாறும்.

பிள்ளைகளுக்கும், வெகுநாள் முன்பு செய்தவர்களுக்கும்

பால்பல்லில் நரம்புச் சிகிச்சை செய்தால் எஃகு கேப் போடுவது வழக்கம். விழப்போகிற பல்தானே என்று விட்டால், விழும் காலத்துக்கு முன்பே உடைந்து, அடியில் வரும் பல்லின் இடம் குறுகும். பதின்ம வயதில் நிரந்தரக் கடைவாய்ப்பல்லுக்குச் செய்திருந்தால், ஈறும் கடியும் நிலைக்கு வரும்வரை எஃகு கேப்போ காம்போசிட் மூடலோ வைத்துவிட்டு, வளர்ந்த பிறகு நிரந்தர கேப்புக்குப் போகலாம்.

ஐந்து வருடம், பத்து வருடம் முன்பு ரூட் கேனல் செய்துவிட்டு கேப் போடாமலே இருப்பவர்கள், இதுவரை உடையவில்லையே என்று இருந்துவிட வேண்டாம். நேராகப் போய் கேப்புக்கு அளவு கொடுப்பதும் சரியில்லை. முதலில் எக்ஸ்ரே. வேர் நுனியில் புதிதாகக் கறுப்பு தெரிந்தாலோ, ஃபில்லிங் விழுந்து வேர்க்குழாய் வெகுநாள் எச்சில் பட்டுக் கிடந்திருந்தாலோ, ரூட் கேனலைத் திரும்பச் செய்ய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், பழைய ஃபில்லிங்கை முழுதும் எடுத்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலே சொன்ன மூன்றாம் படியிலிருந்து தொடங்கலாம். அதுவரை அந்தப் பக்கம் கடிக்காமல் இருங்கள்.